ஆட்டுக் கொட்டகையோரத்து வெள்ளைப் பூ

சிலாங்கூரின் பத்தாங் காலி, உலு யாம், கெர்லிங் பக்கம் ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் "பார்த்தீனியம் தெரியுமா?" என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். "கொட்டகைக்குப் பின்னால குட்டிக் குட்டியா வெள்ளைப் பூ பூக்குமே, ஆடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போகுமே, அந்தச் செடி" என்று சொன்னால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். செடி கண்ணில் பட்டிருக்கிறது, பெயர்தான் இன்னும் காதுக்கு வந்து சேரவில்லை. நம் தோட்டப்புற ஊர்களில் இந்த மாதிரி பரவி அழிக்கும் இனங்களைப் பற்றிய விழிப்புணர்வு இந்த இடத்தில்தான் நிற்கிறது.

மலேசியாவில் பார்த்தீனியம் முதலில் அடையாளம் காணப்பட்டது 2013இல், இதே பத்தாங் காலி வட்டாரத்தில். பிறகு கெடாவிலும் பேராவிலும் தெரியவந்தது. பெரும்பாலும் கால்நடை வளர்க்கும் இடங்களைச் சுற்றித்தான் அது இருந்தது. மலாயில் அதற்கு ரும்பாய் மியாங் மெக்சிகோ என்று பெயர். மியாங் என்றால் அரிப்பு, ஆக எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. இந்தியாவில் 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி, இன்று அங்கே சாலையோரம், தரிசு, வயல் வரப்பு என்று எங்கும் நிற்கிறது. அந்தக் கதை இங்கேயும் நடக்கக் கூடாது என்றால், செடியைச் சரியாகத் தெரிந்துகொள்வதில்தான் தொடங்க வேண்டும்.

முளைத்த புதிதில் தரையோடு படிந்து, கேரட் இலை போல ஆழமாகப் பிளந்த இலைகளை வட்டமாக விரித்திருக்கும். மாலையில் வைத்துக் கட்டும் மாசிபத்திரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஜாடை தெரியும். பச்சையாகத் தின்னும் கீரையான உலாம் ராஜாவின் கன்று என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உலாம் ராஜா முளையிலிருந்தே நிமிர்ந்து வளரும், எதிரெதிராக இலை விடும், இளஞ்சிவப்பாகப் பூக்கும். பார்த்தீனியம் சில வாரம் தரையில் வட்டமாகக் கிடந்துவிட்டுத்தான் தண்டை மேலே அனுப்பும். தண்டில் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளமும் மெல்லிய பூனை முடியும் இருக்கும். சாதாரண மண்ணில் ஒரு மீட்டர், சாணி ஊறிய மண்ணில் ஒன்றரை மீட்டர்கூட வளரும். பூ கொத்துமல்லி விதை அளவுதான். உற்றுப் பார்த்தால் வட்டமாக இராது, ஐந்து மூலையோடு இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன வெள்ளை நாக்கு. அந்த ஐந்துக்கும் ஐந்து விதை. இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பூ பூத்து ஒரே செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும்.

முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும் என்பதால், இதில் நாள் கணக்குதான் எல்லாம். பூவுக்கு முன் பிடுங்கினால் அது வெறும் களை. பூத்த பிறகு பிடுங்கினால் நாமே விதைத்த மாதிரி.

புல்வெட்டும் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரே ஓட்டாக ஓட்டிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அந்த நைலான் கயிறு தண்டை அடி வரை வெட்டாது. கட்டையில் மறுபடி துளிர்த்து, இந்த முறை முழங்கால் உயரத்திலேயே பூக்கும். மகரந்தமும் இலைத் தூளும் காற்றில் பறந்து வெட்டுகிறவர் முகத்தில் படியும். தோல் தடித்துச் சிவப்பது, கண் எரிவது, மூக்கு ஒழுகுவது, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு வருவது எல்லாம் இப்படித்தான். முதல் நாள் ஒன்றும் செய்யாதவர்களுக்குக்கூட, திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும். "எனக்கு ஒண்ணும் ஆகல" என்பதை நம்பி வெறும் கையால் பிடுங்க வேண்டாம்.

மழை பெய்த மறுநாள் காலையில் இறங்குங்கள். மண் இளகியிருந்தால் ஆணிவேர் முழுசாக வரும். முழுக்கைச் சட்டை, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்டின் அடியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் கழுத்தில் முறிந்து வேர் உள்ளேயே நின்றுவிடும். பூத்துவிட்ட செடி என்றால் முதலில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, பூக்கொத்தை உள்ளே அடக்கி, கழுத்தைக் கட்டிய பிறகு பிடுங்குங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே அடுத்த வருஷத்துச் செடியில் பாதியைத் தடுத்த மாதிரி. பூக்காத செடிகளை எருக்குழியில் போடலாம், பூத்தவற்றைப் போடக் கூடாது. அவற்றை இரட்டைக் கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில வாரம் வேகவிடுங்கள். தீ வைக்கலாம் என்று தோன்றும். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், புகையும் யாருக்கும் நல்லதில்லை.

மருந்து அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்ட வேலை பார்த்த கைகளுக்குப் பாராகுவாட் களைக்கொல்லிதான் முதலில் நினைவுக்கு வரும். 2020 ஜனவரி 1 முதல் அது இந்த நாட்டில் தடை. ஸ்டோரில் பழைய டின் மிச்சம் இருந்தாலும் தொடாதீர்கள். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை அடிப்பதென்றால் இலை தரையில் வட்டமாக விரிந்திருக்கும் பருவத்தில், லேபிளில் போட்டிருக்கும் அளவில் அடித்து, ஆடுகளை அந்தப் பக்கம் விடாமல் வையுங்கள். பூத்த செடியில் அடித்தால் செடி வாடும், ஆனால் முற்றிய விதை அப்படியே விழும். உப்புக் கரைசல் ஊற்றும் பழக்கம் இந்தியாவில் உண்டு. அதற்கு நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு உப்பு வேண்டும். அவ்வளவு உப்பு வாங்கிய மண்ணில் அப்புறம் ஆட்டுக்குப் புல்கூட முளைக்காது, அதனால் கொட்டகை பக்கத்தில் வேண்டாம்.

பிடுங்கிய இடத்தை வெறுமனே விடுவது அடுத்த தப்பு. வெறும் மண்ணைப் பார்த்தால் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். அதே வாரம் நேப்பியர் புல் கரணைகளை நெருக்கமாக ஊன்றிவிடுங்கள். நிழல் கட்டினால் பார்த்தீனிய முளை எழும்பாது, ஆட்டுக்கும் தீவனம் ஆச்சு. அதுவரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்தைச் சுற்றிப் பாருங்கள். மூன்று வாரம் என்பது வாய்க்கு வந்த கணக்கில்லை, முளைக்கும் பூவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் ஒரு முறையாவது போய்விட வேண்டும் என்பதற்காக.

சாணி மூட்டையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுத் தோட்டத்துக்கு இது வரக்கூடிய வழி பெரும்பாலும் அதுதான். வாங்கிய ஆட்டுப் புழுக்கையில் இரண்டு கைப்பிடி எடுத்து, அகலமான தட்டில் கொஞ்சம் மணலோடு கலந்து, வெயில் படும் இடத்தில் வைத்து, ஈரம் காயாமல் தெளித்து வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதற்குள் என்ன இருந்தது என்று அதுவே முளைத்துக் காட்டும். பிளந்த இலை வட்டமாக விரிந்தால் மீதி மூட்டையைச் செடிக்குப் போடாதீர்கள். ஒரு மீட்டர் உயரம் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குவித்து, ஈரம் காத்து, வாரம் ஒரு முறை புரட்டுங்கள். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிய குவியலில் விதைகள் பெரும்பாலும் செத்துப்போகும். ஓரத்தில் கிடப்பது சூடேறாது, அதனால்தான் புரட்டல். ஆடு ஏற்றி வரும் லோரியின் சக்கரச் சேற்றையும் கொட்டகை வாசலிலேயே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். கழுவும் இடம் ஒன்றே ஒன்றாக இருந்தால், முளைப்பதும் அந்த ஒரே இடத்தில் முளைக்கும்.

இந்த விஷயத்தைப் பேசும்போது நம் ஆட்களிடம் ஒரு தயக்கம் வரும். அதை நான் மதிக்கிறேன். 'வந்தேறி' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஒரு செடியையோ மீனையோ பார்த்து "வெளியூர்க்காரன், அழிக்கணும்" என்று யாராவது சொன்னால் மனசு சுருங்குவது நியாயம்தான். ஊரில் வழங்கும் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. செம்பனைக்கு அடியில் பாய் விரித்த மாதிரி படரும் செடியை இஸ்ரேல் புல் என்கிறோம். அது வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து, இஸ்ரேலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த திலாப்பியா, இக்கான் ஜெப்புன், அதாவது ஜப்பான் மீன், ஆகிவிட்டது.

எங்கிருந்து வந்தது என்பது குற்றமே கிடையாது. பால்மரம் பிரேசில்காரன், 1877இல் இந்தப் பக்கம் வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்கா. 1917இல் கோலசிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்கென்று முதலில் நட்டார்கள். இரண்டும் நட்ட இடத்தில் நிற்கின்றன, நம்மைச் சோறு போட்டு வளர்த்தன. அந்தச் செம்பனையே காய்ப்பதற்கு ஒரு காலத்தில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். கேமரூனிலிருந்து ஒரு சிறிய கூன்வண்டைக் கொண்டுவந்து 1981இல் ஜொகூரில் விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. அதை விடுவதற்கு முன்னால், செம்பனையின் ஆண் பூவைத் தவிர வேறு எதிலாவது பெருகுமா, வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்தார்கள்.

நம் ஊர்க் காக்கையின் கதை இதற்கு நேர் எதிர். கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் காக்கை இந்த மண்ணுடையது அல்ல. 1890களில், காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சோதனை ஒன்றும் கிடையாது. காப்பி போய்ப் பால்மரம் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, காக்கை மட்டும் பெருகிக்கொண்டே வந்து இன்று நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுடும் நிலை. உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்திருக்கும் அண்டங்காக்கைதான் இங்கே ஆதியிலிருந்து இருப்பது.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் வெற்றி பெறப் போவதில்லை, சொல்லவும் வேண்டாம். ஒரு கைப்பிடி சோற்றால் காக்கை பெருகுவதில்லை. அதைப் பெருக்குவது மூடியில்லாத குப்பைத் தொட்டி, கோழி வெட்டும் இடத்துக் கழிவு, சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கொட்டும் மிச்சம். இலையில் அளவாக வைத்து, காக்கை தின்றுபோன பிறகு மிச்சத்தை எடுத்துவிட்டால் சாத்திரத்துக்கும் குறையில்லை, எலிக்கும் விருந்தில்லை.

கருணை கெடுதலாக மாறுவது தண்ணீரில்தான். பிறந்தநாளுக்கு, பரிகாரத்துக்கு என்று சந்தையில் உயிரோடு விற்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்கி ஆற்றில் விடுகிறோம். கோயில் குளத்தில் கண்ணோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமையை விடுகிறோம். தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டதென்று, "பாவம், கொல்ல மனசு வரல" என்று லொங்காங்கில், அதாவது வடிகாலில், ஊற்றுகிறோம். அந்தக் கெளுத்தி கிடைப்பதையெல்லாம் தின்னும், நம் ஆற்று மீன்களான லம்பாம், செபாராவ் இவற்றின் குஞ்சுகள் உட்பட. ஒரு மீனுக்குக் கொடுத்த உயிருக்கு, பார்வைக்குத் தெரியாத ஆயிரம் குஞ்சு விலை. இதைச் சொல்லும்போது புண்ணியத்தைக் கிண்டல் செய்து பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அப்படிப் பேசினால் கேட்கிறவர் காது அங்கேயே மூடிவிடும். மீனுக்குப் பொரி போடுங்கள், பசுவுக்குப் புல் கொடுங்கள், அன்னதானம் செய்யுங்கள். உயிரை விடுவது மட்டும் வேண்டாம்.

இக்கான் பண்டாராயாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக் கண்ணாடியில் பாசியை நக்கிச் சுத்தம் செய்வதால் நகராண்மைக் கழகத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். தென் அமெரிக்க மீன் அது. விரல் நீளத்தில் வாங்குவது முழங்கை நீளத்துக்கு வளரும். ஆற்றில் விட்டால் கரையைக் குடைந்து வளைக்குள் முட்டையிடும். வளை பெருகப் பெருகக் கரை மண் சரியும். உடம்பெல்லாம் கவசமும் முள்ளும் என்பதால் வலையைக் கிழிக்கும், வேறு மீன் எதுவும் அதை எளிதில் தின்னாது. காற்றையும் விழுங்கி மூச்சு விடும். அதனால் நாறிப்போன தண்ணீரிலும் பிழைக்கும், கரையில் எறிந்தாலும் மணிக்கணக்கில் சாகாது. சிலாங்கூரில் கிலோவுக்கு 1 ரிங்கிட் கொடுத்து இதை வாங்கும் திட்டம் வரைக்கும் போயிருக்கிறது. லங்காட் ஆற்றில் தன்னார்வலர்கள் இறங்கிப் பிடிக்கிறார்கள்.

தொட்டியில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் முதலில் வாங்கின கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். வேறு வழியே இல்லை, வலி இல்லாமல் முடிக்க வேண்டும் என்றால் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. ஒரு சின்னப் புட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு எண்ணெயை ஊற்றிப் பால் மாதிரி ஆகும் வரை குலுக்குங்கள். குலுக்காமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், மீன் சும்மா தவிக்கும். மீன் இருக்கும் வாளியில் ஒரு லிட்டருக்கு 0.5 மில்லி லிட்டர் கணக்கு, 5 லிட்டர் வாளி என்றால் இரண்டரை மில்லி லிட்டர். சில நிமிடத்தில் மயங்கிச் சாயும். செவுள் அசைவு நின்ற பிறகும் எடுக்க அவசரப்படாதீர்கள். மற்ற மீனுக்குப் பத்து நிமிடம் போதும், பண்டாராயாவை ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு செடிக்கு அடியில் புதைத்துவிடலாம். தொட்டித் தண்ணீரையும் அதிலிருக்கும் செடியையும் லொங்காங்கில் கொட்டாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். ஆகாயத் தாமரை ஒரு துண்டு போனாலும் அது அடுத்த குளத்தை மூடும்.

தூண்டில் போடும் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளான லோம்போங்களில், மற்ற மீன்களைத் தின்னும் தென் அமெரிக்க மீனான பீக்கோக் பாஸைப் பிடிப்பது பெரிய சந்தோஷம், அதில் தப்பில்லை. பிடித்ததை உயிரோடு தூக்கிக்கொண்டு போய் அடுத்த லோம்போங்கில் "இங்கேயும் பெருகட்டும்" என்று விடுவதுதான் தப்பு. அது நல்ல சதைப்பற்றுள்ள மீன், குழம்புக்கு எடுத்துப் போங்கள்.

நத்தையைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுச் சுவரில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தை மண்ணுக்குள் ஓர் ஈட்டுக்கு 200 முட்டை வரைக்கும் இடும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளை அது சுமக்கும். அந்தப் புழு மனிதன் உடம்புக்குள் போனால் மூளையுறையைத் தாக்கும். பிள்ளைகள் வெறும் கையால் எடுத்து விளையாடக் கூடாது, பச்சையாகத் தின்னும் உலாம் இலைகளை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். உப்பைத் தூவிக் கொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, மழை விட்ட இரவில் கையுறையோடு பொறுக்கிக் கொதிநீர் வாளியில் போடுங்கள், செடி மண் பிழைக்கும். லொங்காங் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே பளிச்சென்ற ரோஜா நிறத்தில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அது வேறு நத்தை, சிப்புட் கொண்டாங் எமாஸ் என்னும் தங்க ஆப்பிள் நத்தை. 1991இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு நெல் வயல்களுக்குள் போனது. அந்த முட்டையில் நச்சு இருக்கிறது, வெறும் கையால் தொடாதீர்கள். குச்சியால் சுரண்டி நசுக்கிவிட வேண்டும். ரோஜா நிறம் வெளுத்துப்போனால் பொரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது தண்ணீரில் தள்ளிவிட்டால் நாமே குஞ்சை இறக்கிவிட்ட மாதிரி.

ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் ஒளித்துக்கொண்டு வரும் மல்லிகைப் பதியன், விதைப் பொட்டலம், வேரோடு சுற்றிய மண் இவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. செடியோ விதையோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்தில் சோதனை அதிகாரி கேட்பது அதைத்தான். பால்மரத்தின் சொந்த மண்ணான தென் அமெரிக்காவில் பெரிய ரப்பர் தோட்டம் போட முடியாமல் போனதற்குக் காரணம் அங்குள்ள இலைக்கருகல் நோய். அந்தப் பூஞ்சை இன்னும் இங்கே வரவில்லை. வராமல் இருப்பதில் இந்தக் கெடுபிடிக்குப் பெரிய பங்கு உண்டு.

பார்த்தீனியம் என்று சந்தேகம் வந்தால் பிடுங்குவதற்கு முன் நாலு படம் எடுத்து மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முழுச் செடி ஒன்று, அடி இலை ஒன்று, தண்டின் வரி தெரியும்படி ஒன்று, பூவை நெருக்கத்தில் ஒன்று. பூவுக்குப் பக்கத்தில் ஒரு 20 சென் காசைப் பிடித்துக்கொள்ளுங்கள், பூ அந்தக் காசின் அகலத்தில் கால்வாசிதான் இருக்கும். போனில் இடக்குறியை வைத்து, பக்கத்தில் ஆடு மாடு இருக்கிறதா, தீவனமோ சாணியோ எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். "டிவிஷன் ரெண்டு, தண்ணித் தொட்டிக்குப் பின்னால" என்று நமக்குத் தெரிந்த அடையாளம் அவர்களுக்குத் தெரியாது.